ஆயிரத்து எழுபத்தாறு முறை

பெட்டியின் விளக்கு பச்சையாக எரிந்தால், முடிந்துபோன நாள் அதற்கு முந்தைய நாட்களைப் போலவே இருந்தது என்று பொருள். மஞ்சளாக எரிந்தால் ஏதோ மாறியிருக்கிறது, அந்த நாளைப் பெட்டி தனியாக எழுதி வைத்திருக்கிறது, இடம் குறைந்திருக்கிறது. தினமும் காலையில் முகம் கழுவுவதற்கு முன்பே நான் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். பச்சை என்றால் ஒரு நிம்மதி. மூன்று வருடங்கள் அந்த நிம்மதிக்காகவே வாழ்ந்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

செலின் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது வயது ஐம்பத்து மூன்று. பொன்மலை ரயில்வே பணிமனையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் பதினோரு நாளில் இறங்கிவிட்டது. இறங்கிய பிறகு புதிதாக எதுவும் அவளுக்குள் தங்கவில்லை. பழையது அத்தனையும் இருந்தது. அப்பாவின் இருமல், அம்மா செத்த அன்று பெய்த மழை, எனக்கு முதல் வகுப்பில் கிடைத்த அடி, எல்லாம். ஆனால் காலையில் பேசிவிட்டுப் போன டாக்டரை மதியம் யார் என்று கேட்டாள்.

அதற்குத்தான் பொத்தான். காதுக்குப் பின்னால் எலும்பில் பதிக்கிற, சட்டைப் பொத்தான் அளவு கருவி. மூளை கைவிட்ட வேலையை அது செய்யும். நடப்பதை வாங்கி வைத்துக்கொண்டு, நினைக்கும்போது எடுத்துக் கொடுக்கும். பொத்தான் வந்த அடுத்த வாரமே அக்கா பழைய அக்காவாகிவிட்டாள். நர்ஸ்களுக்குப் பட்டப்பெயர் வைத்தாள்.

ஆனால் பொத்தானின் ஆயுள் ஏறத்தாழ மூன்று வருடம். அதற்குள் அதில் இருப்பதை வெளியே நகல் எடுத்து வைத்திருந்து, புதுப் பொத்தான் பதித்ததும் அதில் ஏற்ற வேண்டும். நகலில் இருப்பது அவளுக்கு இருக்கும். நகலில் இல்லாதது அவளுக்கு நடக்கவே இல்லை.

பொத்தானை அரசாங்கம் கொடுத்தது. நகல் வைக்கிற பெட்டியை வீட்டார்தான் வாங்க வேண்டும்.

சிங்காரத்தோப்பில் ஒரு சந்துக்குள் தாகிர் பாயின் கடை. நானும் அக்காவும் சேர்ந்துதான் போனோம். அக்காவின் காதுக்குப் பின்னால் தையல் இன்னும் ஆறவில்லை. பாய் அதைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"மூணு வருஷத்தையும் முழுசா வெக்கணும்னா அதோ அந்தப் பெட்டி" என்று மேல் அலமாரியைக் காட்டினார். "விலையைக் கேக்காதீங்க. நான் அதை இதுவரைக்கும் யாருக்கும் வித்ததில்ல. அழகுக்கு வெச்சிருக்கேன்."

"கீழ இருக்கிறதைக் காட்டுங்க பாய்" என்றாள் அக்கா. "நாங்க கீழ இருக்கிறவங்கதான்."

அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நாடாவில் பதிக்கிறது ஒன்று. ஐம்பது வருடம் சும்மா கிடந்தாலும் கெடாது, ஆனால் அதைப் படிக்கிற மெஷின் விலைக்கு ஒரு ஆட்டோவே வாங்கிவிடலாம் என்றார். சிப்பில் பதிக்கிறது இன்னொன்று. சத்தமே இருக்காது, ஆனால் கரன்ட் கொடுக்காமல் பீரோவில் போட்டு வைத்தால் வருடக்கணக்கில் மெல்ல அழிய ஆரம்பிக்கும்.

"ஆளுங்க மாதிரியே" என்றாள் அக்கா.

"இது பழைய சுத்துற டிஸ்க். பெரிய கம்பெனிங்க கழிச்சு விட்டது. நான் ஒவ்வொண்ணையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் விக்கிறேன். இதுதான் உங்களுக்குக் கட்டுப்படியாகும்."

"சரி, இதுல ஒண்ணு கொடுங்க" என்றேன்.

"ஒரு நகல் நகலே இல்ல தங்கச்சி. ரெண்டு வேணும். ஒண்ணு வீட்டுல, ஒண்ணு வெளியில. வீடு தீப்பிடிச்சிருச்சுன்னா?"

"வாயைக் கழுவுங்க பாய்" என்றாள் அக்கா.

இரண்டு என்றதும் எங்கள் கைக்கு எட்டியது ஆகச் சிறிய பெட்டி மட்டும்தான். மூன்று மாதத்துக்குக்கூட அதில் இடம் போதாதே என்றேன். அப்போதுதான் அவர் மடிக்கிற கதையைச் சொன்னார்.

"இது மடிக்கிற பெட்டி. நேத்தும் இன்னைக்கும் ஒரே மாதிரி இருந்தா ரெண்டையும் எதுக்குத் தனித்தனியா வெக்கணும்? ஒண்ணை வெச்சுக்கிட்டு, இதே மாதிரி ரெண்டு தடவைன்னு பக்கத்துல குறிச்சுக்கும். மாறுன நாளை மட்டும் தனியா எழுதும். தனியா எழுத ஒரு பத்தொம்பது நாளுக்கு இடம் இருக்கு."

"மூணு வருஷத்துக்குப் பத்தொம்பது நாளா?"

"சுத்தி இருக்கிறவங்களைப் பாருங்கம்மா. மூணு வருஷத்துல யாருக்குப் பத்தொம்பது நாள் மாறுது?"

அக்கா சத்தமாகச் சிரித்தாள். "இருபத்தெட்டு வருஷம் கிரேன்ல உக்காந்தேன். எல்லாம் ஒரே நாள்தான். நான் இதுல நல்லா அடங்குவேன்டி ரெஜி."

கனடாவிலிருந்து அமல் அண்ணன் கூப்பிட்டான். அக்காவுக்கு அடுத்தவன், எனக்கு மூத்தவன். கொடைக்கானல் ரோடு பக்கம் ஒரு காப்பகம் இருப்பதாகவும், அங்கே பொத்தான்காரர்களுக்கு முழுச் சேமிப்பு உண்டு, ஒரு நிமிடம்கூட விடாமல் எழுதி வைப்பார்கள் என்றும் சொன்னான். செலவு அவனுடையது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "அங்க என்னை மாசத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க விடுவாங்களாம்" என்று நான் சொன்னதும் அக்கா போனை வாங்கினாள். "நான் ரெஜிகூடத்தான் இருப்பேன். நீ வந்தா பிரியாணி போடுறோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆனால் அப்போதே எங்கள் இருவருக்கும் ஒன்று தெரியும். ஒவ்வொரு முறை பொத்தான் மாற்றிய பிறகும், தன் காப்பாளர் யார் என்பதை நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும். அடுத்த மூன்று வருடம் அவர்கள் வசம்தான். முன்கூட்டி எழுதி வைத்தது செல்லாது. பெயர் சொல்லி முடிக்கும்வரை வீட்டார் நோயாளியிடம் பேசவோ, பழைய கடிதம், பதிவு எதையும் காட்டவோ கூடாது. காப்பாளர்கள் மிரட்டி எழுதி வாங்கிய கடிதங்கள் கோர்ட்டுகளில் குவிந்த பிறகு வந்த விதி அது. ஆக, பெட்டியிலிருந்து திரும்பி வரும் அக்காதான் சொல்ல வேண்டும். அவள் என் பெயரைச் சொன்னால் அவள் என்னோடு இருப்பாள்.

நாங்கள் நாட்களை ஒரே மாதிரி ஆக்கத் தொடங்கினோம்.

முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. பத்தொன்பதில் அண்ணன் வரும் நாட்களுக்குப் பன்னிரண்டு, கிறிஸ்துமஸுக்கு மூன்று என்று அக்கா காலண்டரில் ஒதுக்கினாள். மீதி நான்கு, எதிர்பாராததற்கு. மற்ற எல்லா நாளும் பச்சையாக இருக்க வேண்டும். ஆறு பத்துக்கு "விடிஞ்சிருச்சுக்கா" என்பேன். அவள் கண்ணில் நீர் அழுத்தம் என்பதால் சொட்டு மருந்து. வலது கண், பிறகு "இன்னொரு கண்". காபி. இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி. இடது உள்ளங்கையில் மாத்திரை. தலை பின்னல். எல்லாம் அதே வரிசையில்.

பெட்டி பழகும் முதல் மாதம் மட்டும் மஞ்சள் எரிந்தாலும் இடம் குறையாது என்றிருந்தார் பாய்; அந்த மாதத்தில் ஒரு வாரம் மஞ்சள் எரிந்தது. நைட்டியின் நிறம் மாறியதால் என்றார் பாய். ஒரே நீல நிறத்தில் ஏழு நைட்டி வாங்கினேன். ஜன்னல் வழியாக வெயிலும் மழையும் மாறிமாறித் தெரிந்ததால் மறுபடி மஞ்சள். ஜன்னலை மூடித் திரை போட்டேன். பக்கத்து வீட்டு மேரி கதை பேச வருவதை நிறுத்தச் சொன்னேன். பேசுகிற சொற்களைக்கூடக் குறைத்துக்கொண்டோம். அதிகம் பேசினால் நாள் தடம் மாறிவிடுகிறது. நான் கல்லூரி ஆய்வகத்தில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே விடைத்தாள் திருத்தினேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூடிய அறையில் இருவரும் மணிக்கணக்கில் பேசாமல் இருப்போம். காலையில் விளக்கு பச்சை.

இது அவளுக்காகத்தான் என்று ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். இடத்தைச் சேமிக்கிறோம். எதற்கு என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது வருடம் நவம்பரில், பத்து நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்த ஒரு காலை. எதிர்பாராததற்கு ஒதுக்கிய நான்கில் மூன்று ஏற்கெனவே போயிருந்தன. வெள்ளம் வந்த நாள், அக்காவுக்குப் பல் பிடுங்கிய நாள், மேரியின் கணவர் இறந்த நாள். நான் லால்குடி கல்லூரிக்குப் போயிருந்தேன். ஆய்வகப் பொறுப்பாளர் வேலை, என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். கையெழுத்துப் போட்ட பேனாவை ஏனோ அவர்களிடம் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

வாசல் கதவு திறந்து கிடந்தது. அக்கா மாம்பழ நிறப் புடவை கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பூக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளுக்குத் தலையில் மல்லிகை வைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாடி, வெயிலைப் பாரு" என்றாள் அக்கா.

அக்காவை உள்ளே இழுத்து வந்து கன்னத்தில் அறைந்தேன். மூத்தவள், என்னைத் தூக்கி வளர்த்தவள். இரண்டு முறை அறைந்தேன். "உனக்காக நான் எல்லாத்தையும் அடைச்சு வெச்சிருக்கேன். உன்னால நான் வாழவே இல்ல. ஒரு நாள்கூட வாழல. நீ அந்தக் காய்ச்சல்லயே போயிருக்கலாம்." இதைத்தான் கத்தினேன். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை விளக்கு மஞ்சள்.

அக்கா நீல நைட்டியில் உட்கார்ந்திருந்தாள். நான் தட்டை வைத்தேன். இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டுவிட்டு, தலை நிமிராமல், "விடுடி. நேத்து நான் எதையும் மனசுல வெச்சுக்கல. சட்னியில உப்பு பத்தல" என்றாள்.

அவ்வளவுதான். நான் உப்பை எடுத்து வந்தேன். அன்று வேறு எதுவும் பேசவில்லை. அதற்கு மறுநாள் விளக்கு பச்சையாக இருந்தது.

பொத்தான் மாற்றுகிற தேதி குறித்தாகிவிட்டது. பெட்டியை ஆஸ்பத்திரி ஏற்றுக்கொள்ள, திறந்து சரிபார்த்த சான்று வேண்டும். சனிக்கிழமைதோறும் பெட்டியைப் பாய் கடைக்கு எடுத்துப்போய், அங்கேயே இருந்த இரண்டாவது பெட்டியில் நகல் ஏற்றி வந்திருக்கிறேனே தவிர, ஒரு முறைகூட உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்ததில்லை. அக்காவின் மண்டைக்குள் எட்டிப் பார்ப்பது போல இருந்தது எனக்கு. பாயும் வற்புறுத்தவில்லை.

மாற்றுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பாய் திரையைத் திருப்பிக் காட்டினார். இருபது வரிகள்.

"மீதி எங்க பாய்?"

"மீதின்னா?"

"மூணு வருஷம். ஆயிரத்துச் சொச்சம் நாள்."

முதல் வரியைத் தொட்டார். ஆறு பத்து, சொட்டு மருந்து, காபி, இட்லி. பக்கத்தில் ஒரு எண். 1076.

"அதான் மடிச்சு வெச்சிருக்கே தங்கச்சி. ஒரு நாள், ஆயிரத்து எழுபத்தாறு தடவை."

"விரிச்சா அத்தனையும் வராதா?"

அவர் டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"எண் வரும்மா. அன்னைக்கே சொன்னேனே, குறிச்சுக்கும்னு. மனசுக்கு எண் எல்லாம் தெரியாது. அவங்களுக்கு அது ஒரு நாள்தான்."

மற்ற பத்தொன்பதையும் படித்தேன். அண்ணன் வந்த பன்னிரண்டு நாட்கள் முழுதாக இருந்தன. முக்கொம்புக்குக் கூட்டிப்போனது, அவன் வாங்கிவந்த சால்வை, வேளாங்கண்ணிப் பயணம். பதினேழாவது வரியில் மல்லிகைப்பூ இருந்தது.

"இதுக்கு அடுத்த நாள்? காலையில அக்கா ஒண்ணு சொன்னா."

பாய் தேடினார். "அது மடிஞ்சிருச்சு. ஒரு வரி ரெண்டு வரி மாறினா இந்தப் பெட்டி கண்டுக்காது. விலை கம்மியான பெட்டி."

"முழுசா எடுக்க முடியாதா இப்ப? பொத்தான்ல இன்னும் இருக்கே."

"அந்தப் பெரிய பெட்டியை நான் சும்மாவே கொடுத்தாலும், தூங்குறப்ப மட்டும்தான் பொத்தானைப் படிக்க முடியும். ஒரு நாளை மட்டும் பிரிச்சு எடுக்க வராது, எல்லாத்தையும் எடுக்க நாற்பது நாள் ஆகும். உங்களுக்கு ஒம்பது நாள்தான் இருக்கு. சான்று கொடுத்துட்டா இதுல புதுசா எதுவும் ஏறாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "அழிக்க மட்டும் முடியும். வேண்டாத நாள் ஏதாச்சும் இருந்தா அழிச்சுடலாம். எல்லாரும் அழிக்கிறாங்க. நான் எதுக்குன்னு கேக்க மாட்டேன். டீ சொல்லிட்டு வரேன்."

அவர் வெளியே போய்விட்டார். பதினேழாவது வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுத்தினால் அது நடக்கவில்லை. அக்கா என் பெயரைச் சொல்வாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவளுடைய நாட்களில் எதை வைப்பது எதைத் தள்ளுவது என்று மூன்று வருடமாக நான்தான் முடிவு செய்து வந்திருக்கிறேன், அதன் பலன்தான் இந்த இருபது வரிகள் என்று தோன்றியது. இதையும் நானே செய்ய வேண்டுமா? தவிர, ஒரு தடவை மன்னித்தவள்தானே.

டீ வந்தபோது விரலை எடுத்துவிட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஜன்னலைத் திறந்தேன். கீல் துருப்பிடித்திருந்தது, கத்தியால் நெம்ப வேண்டியிருந்தது. அக்கா கட்டிலிலிருந்து பார்த்தாள்.

"மஞ்சள் எரியும்டி."

"இனிமே எரியாதுக்கா. பெட்டியை மூடியாச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த எண்ணைச் சொன்னதும் சிரித்தாள். "நல்லதாப் போச்சு. அந்த இட்லியை ஆயிரம் தடவை நினைச்சுப் பார்க்கணுமா நான்?" நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள்.

"நான் அடிச்ச நாள் இருக்குக்கா. நீ மன்னிச்சது இல்ல."

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"அதனால என்ன? மறுபடி மன்னிச்சுட்டுப் போறேன்" என்றாள். "நான்தானே வரப்போறேன்? வேற யாரோவா?"

எந்தப் பெட்டியிலும் ஏறாத ஒன்பது நாட்கள். ஒவ்வொரு நாளும் வேறு புடவை. மேரி வந்து மூன்று வருடக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னாள். பணிமனை வாசல் வரை நடந்து போனோம். தெரிந்த வாட்ச்மேன் அக்காவை உள்ளே விட்டார். கிரேனுக்குக் கீழே நின்று, "இதுல கடைசியா ஏறுனது எனக்கு ஞாபகம் இருக்கு, நல்லவேளை காய்ச்சலுக்கு முன்னாடி" என்றாள். ஒருநாள் இட்லிக்குப் பதிலாகப் புரோட்டா வாங்கி வரச் சொன்னாள். இன்னொரு நாள் நாங்கள் காரணமே இல்லாமல் சண்டை போட்டோம், அதுவும் நன்றாக இருந்தது.

எட்டாவது நாள், "இதெல்லாம் எனக்கு இருக்காதுல்ல?" என்று கேட்டாள்.

"இருக்காது."

"உனக்கு இருக்கும்ல?"

தலையசைத்தேன்.

"அப்ப சரி."

அறுவை முடிந்து ஆறாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே விசாரணை. அண்ணன் வந்திருந்தான். அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். எங்கள் இருவரையும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டு, அக்காவிடம் படிவத்தைப் பார்த்துக் கேட்டார். அக்காவின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. அதே குரல்.

"உங்க பேரு?"

"செலின். கிரேன் ஆபரேட்டர்."

"அடுத்த மூணு வருஷம் உங்களை யார் பார்த்துக்கணும்னு நினைக்கிறீங்க? யாருக்கும் பயப்படாமச் சொல்லலாம்."

அக்கா கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தாள். என்னைத்தான் அதிக நேரம் பார்த்தாள். கண்ணில் பயம் இல்லை, கோபமும் இல்லை. நான் சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்தபோது பார்த்தாளே, அந்தப் பார்வை.

"என் தம்பி அமல்ராஜ்" என்றாள்.

அதிகாரி எழுதிக்கொண்டார். அண்ணன் என் தோளில் கை வைத்தான். அவனும் இதை எதிர்பார்க்கவில்லை.

வராந்தாவில் அவளோடு தனியாகப் பேசப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். சக்கர நாற்காலியில் நீல நைட்டியோடு உட்கார்ந்திருந்தாள். வேறு நைட்டி எடுத்து வர எனக்குத் தோன்றவில்லை.

"கோபமாக்கா?" என்றேன்.

"எதுக்கு? அடிச்சதுக்கா? சீ, அதுக்கெல்லாம் யாராவது கோபப்படுவாங்களா? அதை அப்பவே விட்டுட்டேன்." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அது நல்ல நாள்டி. எனக்கு இருக்கிறதுல நல்ல நாள் அதுதான். வெயில் இருந்துச்சு, பூ இருந்துச்சு. நீயும் அன்னைக்கு ஒருநாள்தான் வாயைத் திறந்து மனசுல இருக்கிறதைச் சொன்ன."

"நான் சொன்னது..."

"வாழவே இல்லன்னு சொன்னே. ஒரு நாள்கூட வாழலன்னே. எனக்கு அது வார்த்தை வார்த்தையா இருக்கு ரெஜி. நீ தரையில உக்காந்து அழுதது இருக்கு. அதைக் கேட்டுட்டு நான் எப்படி உன் பேரைச் சொல்லுவேன்? நான் என்ன அவ்வளவு கல் மனசா?"

"அது ஒருநாள் கோபத்துல சொன்னதுக்கா. மத்த நாளெல்லாம் நான் உன்கூடத்தான் இருந்தேன். ஆயிரத்து எழுபத்தாறு நாள்."

அவள் யோசித்தாள். நிஜமாகவே உள்ளே தேடிப் பார்த்தாள். அவள் புருவம் சுருங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு நாள் இருக்கு" என்றாள் மெதுவாக. "ஜன்னல் மூடியிருக்கு. நீ இட்லி வெக்கிற. மாத்திரை கொடுக்கிற. எதுவுமே பேசல. முகத்தைப் பார்த்தா எனக்கே பாவமா இருந்துச்சு."

அவள் என் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"நீ சொல்றதை நம்புறேன்டி. நீ பொய் சொல்ல மாட்டே. ஆனா எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அமல் வந்திருந்தப்ப சொன்னான், அங்க எல்லாத்தையும் முழுசா எழுதி வெப்பாங்களாம். ஒரு நிமிஷம்கூட விடாம. நீ லால்குடிக்குப் போ. அந்த வேலை இன்னும் இருக்கான்னு கேளு."

லால்குடியைப் பற்றிக்கூட அன்று கத்தியிருக்கிறேன். எனக்கு அது மறந்துபோயிருந்தது.

மறுநாள் காலை அண்ணன் வீட்டு வாசலுக்குக் காரோடு வந்தான். அக்காவின் பொருட்கள் ஒரு பையில் அடங்கின. அவன் பையை டிக்கியில் வைக்கப் போனபோது மணி பார்த்தேன். சொட்டு மருந்து போட வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. காப்பகத்தில் முதல் நாள் மறந்துவிடுவார்கள் என்று நினைத்து, புட்டியை எடுத்துக்கொண்டு அவள் அருகில் போனேன். மூடியைத் திறந்தேன். நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அக்காவின் தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. சரியான அளவு. வலது கண் விரிந்தது, இடது கண் மூடியது. அதே நேரம் அவளுடைய இடது கை மடியிலிருந்து எழுந்து, உள்ளங்கை விரிந்து, மாத்திரைக்காகக் காத்திருந்தது.

அந்தக் கையை அவள் திகைத்துப் பார்த்தாள். ஓரக்கண்ணால், தலையை அசைக்காமல்.

"ஏய், இதுக்கு எப்படித் தெரியுது?" என்றாள். "ஒரே ஒருநாள்தானே பழக்கம்?"

வெளியே அண்ணன் டிக்கியைச் சாத்தும் சத்தம் கேட்டது. படிவத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. இப்போது நான் எதையாவது சொன்னால், அதையும் சுமந்துகொண்டுதான் அவள் போக வேண்டியிருக்கும். அங்கே ஒரு நிமிடம்கூட விடாமல் அதை எழுதி வைப்பார்கள்.

வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டேன். அவள் இமைக்கும்வரை காத்திருந்தேன்.

"இன்னொரு கண்" என்றேன்.